வாவிக்கரை வாழ்வில் விசுவாசமும் உவகையும்

மனித உள்ளத்தில் எழுந்து உடலின்கண் புலனாகும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். நகையில் தொடங்கும் அவ்வரிசை உவகையில் முடிகிறது. நகையையும் உவகையையும் அவர் ஒன்றாக எண்ணாமல் இரு வேறு மெய்ப்பாடுகளாக வைத்தமை சிந்திக்கத்தக்கது. சிரிப்பு வேறு, உள்ளத்தின் நிறைவு வேறு. திருவள்ளுவரோ, 'பொச்சாவாமை' என்னும் அதிகாரத்திலே, மகிழ்ச்சி மிகுந்து தன்னை மறந்து கடமையில் தளர்வதைப் பெருந்தீங்கு என எச்சரிக்கிறார். ஆகவே மகிழ்ச்சி என்னும் ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியுள்ளன என்பதும், அவற்றுள் தள்ளத்தக்கனவும் கொள்ளத்தக்கனவும் உண்டென்பதும் தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மைகளாகும்.

கிறிஸ்தவ சமயம் மகிழ்ச்சியைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறது. இயேசுநாதரின் பிறப்பை மேய்ப்பர்களுக்கு அறிவித்த தூதன் அதனை மகிழ்ச்சியின் செய்தியாகவே அறிவித்தான் என்று லூக்கா எழுதினார். அப்போஸ்தலராகிய பவுல், ஆவியின் கனிகளை வரிசைப்படுத்துகையில், அன்புக்கு அடுத்தபடியாக மகிழ்ச்சியை வைத்தார். 'கனி' என்ற சொல்லை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். கனியை எவரும் கட்டளையிட்டுப் பெற முடியாது. மரத்தை அதட்டினால் மாங்காய் பழுத்துவிடுமோ? வேருக்கு நீர் வார்ப்பதும், களை பிடுங்குவதும், வேலி காப்பதுமே மனிதன் செய்யக்கூடியவை. கனி தன் பருவத்தில் தானே வரும். மகிழ்ச்சியும் அத்தகையதே. அதனையே குறியாகத் துரத்துகிறவன் கையில் அது அகப்படுவதில்லை. அன்றாடக் கடமையிலும் அன்பிலும் நன்றியிலும் வேரூன்றியவனை அது தேடி வந்தடைகிறது.

இக்கருத்தைக் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும். ஆனால், இலங்கையின் கிழக்குக் கரையிலே மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் கிறிஸ்தவர்களிடம் இதனைச் சொன்னால், அவர்கள் ஒரு வினாவை எழுப்பக்கூடும். நத்தாரை அடுத்த நாளில் கடல் வந்து உறவினரை வாரிக்கொண்டு போன ஊர் அது. நத்தார் நள்ளிரவு வழிபாட்டில் துப்பாக்கி வெடித்த ஊர் அது. உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகள் குண்டுக்கு இரையான ஊரும் அதுவே. திருச்சபையின் மகிழ்ச்சிக்குரிய பெருநாள்களே துயர நாள்களான ஓர் ஊரிலே மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ? பொருந்துமாயின், அது எத்தகைய மகிழ்ச்சி? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அந்நாட்டையும் அம்மக்களின் வாழ்வையும் முதலில் நோக்குதல் தகும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்ப் பரப்பு அது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குப் பகுதியை, ஞாயிறு எழும் திசை பற்றி, எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடும் பரந்த பகுதியைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலே மீன்பிடியும் தென்னையும் கைத்தொழிலும். படுவான்கரையிலே நெல்லும் எருமைத் தயிரும். சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய முத்திறத்தாரும் ஒரே வாவியின் நீரை நோக்கி வாழ்கின்றனர். கிறிஸ்தவர் அங்கே சிறு தொகையினரே. ஆயினும் அவர்தம் வரலாறு பழையது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைப்பட்டது. அரசுகள் மாறின, கத்தோலிக்க விசுவாசம் நிலைத்தது. போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தை இன்றும் வீட்டிலே பேசத் தெரிந்த பறங்கியர் குடும்பங்கள் அந்நகரில் உள்ளன. தச்சுவேலையும் இரும்புவேலையும் அவர்களது பரம்பரைத் தொழில்கள். கலியாண வீடுகளில் கபரிஞ்சா ஆட்டமும் பாட்டும் அவர்களது மரபு.

1814ஆம் ஆண்டு மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் அங்கு வந்து சேர்ந்தார். இலங்கைக்கு வரும் கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர் அவர். துயரத்தைச் சுமந்து வந்த அம்மனிதர் செய்த முதற் பணிகளுள் ஒன்று பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தமையாகும். 1815 ஏப்பிரலில் அவரும் நோயுற்று மறைந்தார். அந்நிலத்தில் அவர் வாழ்ந்த காலம் ஓராண்டுகூட நிறையவில்லை. எனினும் அவர் ஊன்றிய வித்து மத்திய கல்லூரியாக வளர்ந்து இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஒருவனுடைய வாழ்வின் கனியை அவனே உண்டு பார்க்க வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். இயேசுநாதர் தமது பணியின் பெரும்பகுதியைக் கலிலேயா என்னும் ஏரியின் கரையிலேயே செய்தார். அவ்வேரி ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடையது. மட்டக்களப்பு வாவியின் நீளத்தில் பாதிக்கும் குறைவு. அதன் நீர் நன்னீர். இதன் நீர் உவர்நீர். மற்றபடி, இரு கரைகளிலும் காணும் வாழ்வு ஒன்றுக்கொன்று அந்நியமானதன்று. வலை கழுவுகிறவர்கள், இரவெல்லாம் வீசியும் ஒன்றும் அகப்படாமல் வெறுந்தோணியோடு திரும்புகிறவர்கள், விதைக்கிறவன், மாவைப் புளிக்கவைக்கும் பெண், தொலைந்த காசுக்காக விளக்கேற்றி வீடு பெருக்கும் பெண் ஆகிய இவர்களே அவருடைய உபதேசத்தில் உலாவும் மாந்தர். உயர்ந்த தத்துவத்தை விளக்க அவர் அரண்மனையைத் தேடிப் போகவில்லை. அடுப்படியிலும் வயலிலும் கரைவலையிலும் அதனைக் கண்டார். அவர் செய்த முதல் அற்புதமாக யோவான் குறிப்பது ஒரு கலியாண வீட்டில் நிகழ்ந்தது. விருந்தில் ஏற்பட்ட குறையை நீக்கி ஒரு வீட்டாரின் மானத்தைக் காத்த செயல் அது. அவரது ஆயுளின் பெரும்பகுதி தச்சன் வீட்டிலே கழிந்தது. ஆகவே, கோயிலுக்குள் மட்டும் கடவுள் இருக்கிறார், பட்டறையில் இல்லை என்னும் எண்ணம் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது.

இவ்வுண்மையைச் சமய வரலாற்றிலே தெளிவாக வாழ்ந்து காட்டியோர் சிலர் உளர். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடமொன்றிலே லோரன்ஸ் என்னும் சகோதரர் ஒருவர் இருந்தார். முன்னாளில் போர்வீரர், காயமுற்று நொண்டியானவர், பெரும் படிப்பு இல்லாதவர். மடத்தின் சமையலறையே அவருக்குக் கிடைத்த பணி. அவ்வேலையில் அவருக்கு இயல்பான விருப்பம் இருந்ததில்லை. எனினும், பாத்திரங்களின் ஓசைக்கும் பலருடைய ஏவலுக்கும் நடுவே, ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது அனுபவிக்கும் அதே அமைதியைத் தாம் அனுபவிப்பதாக அவர் கூறினார். வேலையை மாற்றிக்கொள்ளவில்லை, வேலை யாருக்காக என்பதை மாற்றிக்கொண்டார். 1691இல் அவர் மறைந்த பின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வெளிவந்து கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருங்கே போற்றும் நூலாயின.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட லொயோலா இஞ்ஞாசியார், 1540இல் போப்பரசரின் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையை நிறுவியவர். எல்லாவற்றிலும் இறைவனைக் காண்பது என்பதே அவரது நெறி. அதற்கு அவர் கற்பித்த பயிற்சி மிக எளியது. நாள் முடிவில் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, பெற்ற நன்மைகளுக்கு முதலில் நன்றி கூறுதல். பின்பு அன்றைய நிகழ்ச்சிகளைக் காலை தொடங்கி ஒவ்வொன்றாக நினைவுகூர்தல். எங்கே அன்பு பிறந்தது, எங்கே தவறியது என நேர்மையாக ஆராய்தல். குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டி நாளைக்கு உறுதி கொள்ளுதல். வணிகன் இரவிலே கணக்குப் பார்ப்பது போன்றதே இது. வேறுபாடு யாதெனின், இக்கணக்கில் வரவே முதலில் எழுதப்படுகிறது. நன்றியில் தொடங்குகிறவன் கண்ணுக்கு, காலையில் கவனியாமல் விட்ட பல நன்மைகள் மாலையில் தெரியவருகின்றன.

இஞ்ஞாசியாரின் சபையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சிலிருந்தும், இரண்டாம் உலகப் போரையடுத்து அமெரிக்காவிலிருந்தும் மட்டக்களப்புக்கு வந்தனர். 1948இல் வந்தவர்களுள் ஒருவர் லூசியானா நாட்டுப்புறத்தைச் சேர்ந்த ஐயூஜின் ஏபேர் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியிலே அவர் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். அவர் கையில் பயின்ற இளைஞர் நாடறிந்த வீரர்களாயினர். பிற்காலத்தில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிறுவனத்தையும் அவர் நடத்தினார். பந்தாட்ட மைதானமும் பட்டறையும் அவருக்குப் பிரசங்க பீடத்துக்குக் குறைந்தவையல்ல. இளம் பிள்ளைகளின் துள்ளலையும் ஓட்டத்தையும் கண்டு மகிழ்வதும் கடவுளைத் துதிப்பதன் ஒரு வகையே என்பதற்கு அவர் வாழ்வு சாட்சியாயிற்று. நாடு கலங்கிய 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். மைதானத்தில் அவர் விதைத்த மகிழ்ச்சியோ காணாமற்போகவில்லை.

மெதடிஸ்த மரபிலும் இவ்வெண்ணமே வேறு வடிவில் வழங்குகிறது. ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, ஆண்டுத் தொடக்கத்திலே நடைபெறுவது. அதிலே விசுவாசிகள், வரும் ஆண்டில் உயர்ந்த வேலையோ தாழ்ந்த வேலையோ எதில் வைக்கப்பட்டாலும் அதனைக் கடவுள் தந்ததாக ஏற்பதாகப் பொருத்தனை செய்கின்றனர். அறுவடைக் காலத்து நன்றி வழிபாடும் அத்தகையதே. நெல், தேங்காய், பூசணி, வாழைக்குலை, கோழி எனத் தத்தம் வீட்டு விளைவைக் கொணர்ந்து ஆலயத்தில் படைப்பர். வழிபாட்டின் பின் அவை ஏலம் போடப்படும்போது, ஒரு பூசணிக்காய் சந்தை விலையினும் பன்மடங்கு உயர்ந்துவிடும். எள்ளி நகைப்பதும், விலையை ஏற்றிவிடுவதும், வாங்கியதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பதுமாக வாலிபரும் முதியோரும் கலந்து மகிழ்வர். நன்றியும் நகையும் ஒருங்கே அமர்ந்த காட்சி அது. நகை உவகைக்குப் பகையன்று என்பதும் அங்கே விளங்கும்.

பெரிய விழாக்கள் ஆண்டுக்குச் சில நாள்களே. மற்ற நாள்களின் கதை என்ன? விடியுமுன் தோணியைத் தள்ளி வாவியில் இறங்கும் மீனவன் சிலுவைக் குறியிட்டு வலையை வீசுகிறான். இறால் நிறையப் படுவதும் உண்டு. வெறும் வலை வருவதும் உண்டு. அதிகாலையில் பிட்டு அவித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், அடுப்பின் முன்னாலேயே தன் செபத்தைச் சொல்லி முடிக்கிறாள். தச்சன் சீவிய பலகையைத் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு முறை சீவுகிறான், வாங்குகிறவன் கவனிக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும், ஆயினும் சீவுகிறான். அந்த இரண்டாம் சீவலிலேதான் விசுவாசம் இருக்கிறது. எவரும் காணாத இடத்திலும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்ற உணர்வு, காண்பவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கையின் பயனாகும். அவ்வாறு செய்து முடித்த வேலையைப் பார்த்து உள்ளம் கொள்ளும் நிறைவுக்கு, கூலியோ புகழோ ஈடாகாது. வேதாகமத்தின் முதல் அதிகாரத்திலே, படைத்த கடவுளும் தம் வேலையை நோக்கி நன்றென்று கண்டதாகச் சொல்லப்படுகிறதன்றோ!

தமிழ்க் கிறிஸ்தவப் புலவர்களும் இதனை நன்கறிந்திருந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கும்மி, குறவஞ்சி, நொண்டி நாடகம் முதலிய பொதுமக்கள் கலை வடிவங்களையே எடுத்துச் சமயப் பொருளைப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் புகழ் மிக்கது. முற்றத்தில் பெண்கள் கைகொட்டி ஆடும் ஆட்டத்திலே இறைவனுக்கு இடமுண்டு என்று அவர் துணிந்தமை, விசுவாசத்தை மக்களின் வீட்டுக்குள்ளேயே குடியேற்றிவிட்டது.

மட்டக்களப்பு மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்றது. கல்லடிப் பாலத்தை அண்டிய நீர்ப்பரப்பிலே, காற்றடங்கிய நிலாக் காலத்து இரவுகளில், நீருக்கடியிலிருந்து மெல்லிய இசை எழுவதை மக்கள் கேட்டு வந்துள்ளனர். 1848இல் அவ்விடம் சென்ற எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி அதனைக் கேட்டுத் தம் நூலில் விரித்தெழுதினார். 1950களில் இயேசு சபைக் குருவானவர் லாங் அவ்விசையை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. இசைப்பது மீனோ, ஊரியோ, வேறோர் உயிரோ என்னும் வினா இன்னும் முற்றாகத் தீரவில்லை. காரைதீவிலே பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின்னர் இராமகிருஷ்ண சங்கத் துறவியான விபுலாநந்த அடிகளும் அவ்விசையில் உள்ளம் தோய்ந்தவர். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூலில் அவ்வனுபவத்தின் சுவடு உண்டு. மதத்தால் வேறுபட்டோரையும் ஒரே தோணியில் அமர்த்தி ஒரே இசையைக் கேட்கச் செய்தது அவ்வாவி.

அவ்விசையைக் கேட்கும் முறை கருதத்தக்கது. தோணியை நிறுத்த வேண்டும். பேச்சை நிறுத்த வேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் தோணியைச் செலுத்தும் கருவியாகிய அதே துடுப்பு, அப்பொழுது கேட்கும் கருவியாகிறது. அன்றாட வேலைக்கும் விசுவாசத்துக்கும் உள்ள உறவும் இதுவே. வேலையை எறிந்துவிட்டு வேறெங்கோ ஓடுகிறவனுக்கு அன்று, அதே வேலையின் நடுவே சற்று நின்று செவிசாய்க்கிறவனுக்கே உள்ளிசை கேட்கிறது. இயந்திரத் தோணி இரைகிறபோது இசை கேளாது. கேளாமையால் அஃது இல்லையென்று ஆகிவிடாது.

இனி, முன்னர் எழுந்த வினாவுக்குத் திரும்புவோம். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளையும் தென்னந்தோட்டங்களையும் ஆலயங்களையும் சிதைத்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தார் விருந்தின் மணம் வீடுகளில் மாறாத காலை வேளை. ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய கரையோரங்களை மூழ்கடித்தது. மறுவருடம் 2005 நத்தார் நள்ளிரவிலே, புனித மரியாள் பேராலயத்தில் வழிபாட்டின்போது, பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே மாண்டவர்களுள் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சிறு பிள்ளைகள். ஐயுற்று அக்கொலைஞனை உள்ளே புகவிடாது தடுத்த விசுவாசி ஒருவர் தம் உயிரை ஈந்து, உள்ளே கூடியிருந்த பலரைக் காத்தார்.

இத்துயரங்களைச் சிறிதாக்கிப் பேசுவது விசுவாசமன்று. அழுகிறவர்களிடம் சென்று மகிழுங்கள் என்று உபதேசிப்பது அன்புமன்று. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போர், அங்கே துதிப் பாடல்களுக்கு அருகிலேயே புலம்பல் பாடல்கள் மிகப் பல இருப்பதைக் காண்பர். இயேசுநாதரே தம் நண்பன் லாசருவின் கல்லறையருகே அழுதார். ஆகவே கண்ணீர் விசுவாசக் குறைவின் அடையாளமன்று. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலே மகிழ்ச்சி என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதனை அவர் எழுதியபோது சிறையில் விலங்கு பூண்டிருந்தார். விலங்கு இனிது என்று அவர் எழுதவில்லை. விலங்கு எட்ட முடியாத ஓரிடம் தமக்குள் இருப்பதை எழுதினார்.

துயரத்துக்குப் பின் அம்மக்கள் செய்தது என்ன? ஆழிப்பேரலை ஓய்ந்தபின் பள்ளிகளும் ஆலயங்களும் அடைக்கல நிலையங்களாயின. வந்தவர் எச்சமயத்தவர் என்று பானையில் கொதித்த சோறு கேட்கவில்லை. சீயோன் சபையார் சிதைந்த கட்டடத்தை விட்டு வேறிடத்தில் கூடி வழிபட்டனர். பிள்ளையை இழந்த தாய் மறுபடியும் அடுப்பை மூட்டினாள். தந்தை மறுபடியும் தோணியைத் தள்ளினான். மறுபடியும் என்ற அச்சிறு சொல்லிலே பெருவலி அடங்கியுள்ளது. உயிர்த்தெழுதல் என்பது கல்லறையில் ஒரு காலையில் நிகழ்ந்தது மட்டுமன்று. மனம் முறிந்த மனிதன் மறுநாட் காலையில் எழுந்து அண்டை வீட்டாருக்கும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுகிற போதெல்லாம் அதன் வலிமை வெளிப்படுகிறது. இத்தகைய எழுச்சியோடு வரும் உவகை கூத்தும் கும்மாளமும் அன்று. அது கண்ணீரோடு கூடவே இருக்கக்கூடியது. படுவான்கரை நெல்வயலில் வெள்ளம் வடிந்தபின் தலைநிமிரும் பயிர், வெள்ளம் வரவில்லை என்று சாதிப்பதில்லை. வேர் போகவில்லை என்று மட்டும் காட்டுகிறது.

ஆதலின், அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி காண விரும்புவோர் மேற்கொள்ளத்தக்க பழக்கங்கள் மூன்று எனலாம். முதலாவது, நன்றி: பகல் எவ்வளவு கடுமையாயினும், இரவில் ஒரு நன்மையையாவது பேர் சொல்லி நினைத்தல். இரண்டாவது, செம்மை: எவ்வேலையாயினும் காண்பார் இல்லாத இடத்திலும் அதனைத் திருத்தமாகச் செய்தல். மூன்றாவது, பகிர்வு: மகிழ்ச்சியைத் தனியே உண்ணாமலும், துயரத்தைப் பிறர் தனியே உண்ண விடாமலும் இருத்தல். இவற்றுள் மூன்றாவது தவறினால் முன்னிரண்டும் தற்பெருமையாக முடிந்துவிடக்கூடும். நத்தார்ப் பலகாரத் தட்டு அயலிலுள்ள சைவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போவதும், பொங்கலும் பெருநாட் சோறும் திரும்பி வருவதும் அவ்வாவிக்கரையின் பழைய வழக்கம். 2019க்குப் பின் அத்தட்டுகள் அயல்வீட்டு வாயிலைக் கடப்பது முன்னைப்போல் எளிதாக இருக்கவில்லை. அச்சமும் ஐயமும் வாயிலில் நின்றன. எனவே இன்று ஒரு தட்டைக் கையிலேந்தி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதே விசுவாசத்தின் செயலாகிறது. கதவு திறக்கும் போது இரு வீட்டாருக்கும் கிடைப்பதே அவ்விசுவாசத்தின் கனியாகிய உவகை.